விடியல் வெளிச்சத்தில் காட்டுயிர்: இயல்புவாத நிலக்காட்சி ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்வெளியில் மேயும் மான், ஆற்றோரம் நிற்கும் கொக்கு, மூடுபனியை விட்டு வெளியே வரும் யானைக் கூட்டம். அதிகாலை வெளிச்சத்தில் இவற்றைக் காட்டும் ஓவியங்களை ரசிப்பவர்கள் நிறைய பேர். வரைந்து பார்க்க ஆசைப்படுபவர்களும் உண்டு. இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்துதான் இருக்கும்.

இயல்புவாத ஓவியம் என்றால் ஃபோட்டோ மாதிரியே இருக்க வேண்டுமா?

தேவையில்லை. ஒரு இடத்தில், ஒரு நேரத்தில், அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதற்கு உண்மையாக இருப்பதுதான் இயல்புவாதம். ஒவ்வொரு ரோமத்தையும் வரைவது அதற்கான பல வழிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1845 வாக்கில் வரைந்த 'நோரம் கோட்டை, சூரிய உதயம்' என்ற ஓவியத்தைப் பாருங்கள். கோட்டை ஒரு நீலக் கறையாகக் கரைந்து நிற்கிறது. முன்னால் ஆற்றில் ஒரு மாடு. சில பழுப்புத் தீற்றல்கள்தான், முகம் பிரித்துத் தெரியாது. ஆனாலும் அது மாடு என்பதிலோ, தண்ணீரில் நிற்கிறது என்பதிலோ யாருக்கும் சந்தேகம் வராது. எதிர்வெயிலில் அந்தத் தூரத்தில் நிற்கும் மாடு நம் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். அரை இருட்டில் நிற்கும் மானுக்கு இமை மயிரைக்கூட எண்ணி வரைந்திருந்தால், அந்த ஓவியம் திறமையானதாக இருக்கலாம், ஆனால் இயல்பானது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓவியர்கள் ஏன் அதிகாலையையே பிடித்துக்கொள்கிறார்கள்?

முதல் காரணம் விலங்குகளே. மான், முயல், நரி போன்ற பல உயிர்கள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். வெயில் ஏறியதும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

இரண்டாவது காரணம் வெளிச்சம். உச்சி வெயில் எல்லாவற்றையும் மேலிருந்து அடித்துத் தட்டையாக்கிவிடும். காலைச் சூரியன் பக்கவாட்டில் வருகிறது. அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, தலைக்கு மேலே இருக்கும்போது கடப்பதைப்போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து நம்மிடம் வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கும் மேல் சிதறடிக்கும். ஆகவே வழியிலேயே நீலம் கழிந்து, மஞ்சளும் ஆரஞ்சும் மட்டும் வந்து சேர்கின்றன. நிழலும் நீண்டு விழும். சூரியன் 5 பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு மானின் நிழல் அதன் உயரத்தைப்போல 11 மடங்குக்கும் மேல் இருக்கும். 10 பாகைக்கு ஏறியதும் அது பாதியாகிவிடும். தரையின் மேடு பள்ளங்களை இந்த நிழல்கள் கோடு போட்டுக் காட்டிவிடுவதால் நிலத்தின் வடிவம் தானாகவே புலப்படுகிறது.

சூரியன் உதிப்பதற்கு முன்னால் என்ன நிறம்?

இதைப் பலர் தவறவிடுகிறார்கள். விடியல் என்றதும் ஆரஞ்சு டியூபைத் தேடிப் போகிறார்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகைக்குள் இருக்கும் அந்த நேரத்தில் நிலம் முழுக்க நீலச் சாம்பல்தான். தலைக்கு மேல் வானம் அடர்நீலமாக இருக்கும். அதற்குப் பெரிய காரணம், உயரத்தில் இருக்கும் ஓசோன் ஆரஞ்சு ஒளியை உறிஞ்சிக்கொள்வது.

கண்ணும் அப்போது வேறு மாதிரி வேலை செய்கிறது. மங்கலான ஒளியில் சிவப்பு கறுத்தும், நீலமும் பச்சையும் துலங்கியும் தெரியும். செக் நாட்டு உடலியலாளர் புர்க்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பதிவு செய்தார். அவர் பெயராலேயே இன்றும் இதை அழைக்கிறார்கள். செம்பழுப்பு மான் உதயத்துக்கு முன் கருஞ்சாம்பலாகத் தெரிவது இதனால்தான்.

அப்புறம், கிழக்கை மட்டும் பார்க்காதீர்கள். மேகமில்லாத விடியலில் மேற்கே திரும்பினால் அடிவானத்தை ஒட்டி ஒரு மங்கிய நீலப் பட்டையும், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தெரியும். கீழே இருப்பது பூமியின் நிழல். சூரியன் ஏற ஏற அது இறங்கி மறைந்துவிடும். சூரியனுக்கு முதுகைக் காட்டி வரைந்த விடியல் ஓவியங்கள் குறைவு. அதனாலேயே அவை புதிதாக இருக்கின்றன.

நிழலை நீலமாக வரைவது ஓவியர்களின் கற்பனையா?

இல்லை. வெயில் படாத இடத்துக்கும் வானத்திலிருந்து ஒளி வருகிறது. வானம் நீலம், ஆகவே நிழலும் நீலம் பக்கம் சாயும். வெயில் பட்ட இடம் ஆரஞ்சாக இருப்பதால் அருகிலிருக்கும் நிழல் இன்னும் கூடுதல் நீலமாகக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எல்லா நிழலும் ஒரே நீலம் கிடையாது. வெயில் படும் காய்ந்த புல்லுக்கு மேலே நிற்கும் விலங்கின் வயிற்று நிழலில், தரையிலிருந்து திரும்பும் மஞ்சள் ஒளி கலந்திருக்கும். முதுகின் நிழல் வானத்தை வாங்கியிருக்கும். ஒரே விலங்கில் இரண்டு வகை நிழல்.

விலங்கின் நிறத்தை எப்படி முடிவு செய்வது? யானை சாம்பல், சிங்கம் பழுப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வகை ஓவியத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்: விலங்கின் நிறத்தை அந்த நேரம்தான் தீர்மானிக்கிறது. காலை வெயிலில் யானையின் ஒரு பக்கம் செம்பு நிறமாகவும் மறுபக்கம் ஊதாவாகவும் இருக்கும். வெள்ளைக் கொக்கு எதிர்வெயிலில் நின்றால், பின்னால் இருக்கும் வானத்தைவிடக் கறுத்துத்தான் தெரியும். அதற்கு வெள்ளையைத் தொட்டால் ஓவியம் அங்கேயே உடைந்துவிடும்.

அமெரிக்க ஓவியர் ஆபட் தாயரின் கதை இங்கே பொருந்தும். பல விலங்குகளுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன் என்று 1896-ல் அவர் விளக்கினார். மேலிருந்து வரும் வெளிச்சம் முதுகை வெளுப்பாக்கி வயிற்றை இருட்டாக்கும். தோலின் நிறம் அதற்கு நேர்மாறாக இருப்பதால் இரண்டும் ஈடாகி, விலங்கு தட்டையாகத் தெரிந்து மறைந்துவிடுகிறது. விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட நல்ல அவதானிப்பு இது. ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. எல்லா நிறமும் ஒளிந்துகொள்ளத்தான் என்று வாதிடத் தொடங்கினார். பூநாரைகள் இளஞ்சிவப்பாக இருப்பது விடியல், அந்தி வானத்தோடு கலந்து மறைவதற்காக என்று 1909-ல் ஓவியமே வரைந்து காட்டினார். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் இந்த வாதங்களைக் கடுமையாக மறுத்தார். ஒளிரும் வானத்துக்கு எதிரே நிற்கும் பறவை என்ன நிறமாக இருந்தாலும் கருநிழலாகத்தான் தெரியும். பூநாரையின் சிவப்பு அது தின்னும் உணவிலுள்ள நிறமிகளால் வருவது.

தாயரின் முதல் கண்டுபிடிப்பில் ஓவியருக்கு ஒரு புதையல் இருக்கிறது. கருத்த முதுகும் வெளுத்த வயிறும் ஈடாவது வெளிச்சம் மேலிருந்து வரும்போதுதான். காலையில் வெளிச்சம் கிடைமட்டமாக வருகிறது. பகலில் நிழலுக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளை வயிறும் தாடையும் காலின் உட்புறமும் திடீரென்று ஒளிரும். பகலெல்லாம் கண்ணில் படாத மான் காலையில் பளிச்சென்று தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கவனித்து வரைந்தவர்களின் ஓவியத்தில் விலங்கு தனியாக உயிர்பெறும்.

என் ஓவியத்தில் விலங்கு வெட்டி ஒட்டினது மாதிரி தெரிகிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணம் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும்.

முதலில் வெளிச்சத்தின் திசையைப் பாருங்கள். சூரியன் இடப்பக்க மரங்களுக்குப் பின்னால் இருக்க, மானின் வலப்பக்கம் பிரகாசமாக இருந்தால் பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று உடனே தோன்றும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். பகல் 11 மணிக்கு எடுத்த மான் படத்தை விடியல் பின்னணியில் வரைந்தால் இந்தக் கோளாறு நிச்சயம்.

அடுத்தது விளிம்பு. விலங்கைச் சுற்றி ஒரே அளவு கூர்மையாகக் கோடு ஓடினால் அது காகிதத்தில் வெட்டிய உருவம்தான். நிஜத்தில் வெயில் படும் முதுகின் விளிம்பு கூர்மையாக இருக்கும், நிழல் பக்கம் புதரோடு கரைந்துவிடும். சில இடங்களில் விலங்கு எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த இடங்களைத் துணிந்து கரைய விடுங்கள். பார்ப்பவரின் கண் அதைப் பூர்த்தி செய்துகொள்ளும்.

பிறகு கால்கள். நான்கு குளம்பையும் முழுசாக வரைந்து காட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். புல்வெளியில் நிற்கும் விலங்கின் குளம்பு தெரியவே தெரியாது. காலுக்கு முன்னால் சில புல் வந்தால், விலங்கு அந்த நிலத்துக்குள் வந்துவிடும். நிழல் காலடியிலிருந்தே தொடங்க வேண்டும், ஒரு விரற்கடை தள்ளித் தொடங்கினால் விலங்கு அந்தரத்தில் மிதக்கும்.

கோணமும் ஒரு காரணம். விலங்கை டெலிலென்ஸில் தூரத்திலிருந்து எடுத்திருப்பார்கள், நிலக்காட்சியை அகல லென்ஸில் எடுத்திருப்பார்கள். ஒன்றில் கண்மட்டம் விலங்கின் முதுகுக்கு மேலே, மற்றதில் புல் மட்டத்தில். இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் ஒட்டாது.

விலங்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடச் சிறிதாக. நிலக்காட்சி ஓவியம் என்று முடிவு செய்துவிட்டால் நிலத்துக்கும் வானத்துக்கும் இடம் கொடுங்கள். விலங்கு சிறிதாக இருக்கும்போதுதான் அந்த வெளியின் அகலம் தெரியும். சுவீடன் ஓவியர் புரூனோ லில்யேஃபோர்ஸ் இதில் ஆசான். அவருடைய சில ஓவியங்களில் பறவையையோ முயலையோ முதலில் தேட வேண்டியிருக்கும். கண்டுபிடித்த பிறகு கண் அதைவிட்டு நகராது.

மூடுபனியை எப்படி நம்பும்படி வரைவது?

வெள்ளையை மேலே பூசி வரைவது பனி ஆகாது, சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும். தூரம் போகப் போக கருமை வெளுக்கும், நிற வேறுபாடு குறையும், விளிம்பு கரையும். இந்த மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். முன்னால் நிற்கும் மரத்தின் கருமையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு வரிசையையும் ஒரு படி வெளுப்பாக்கிக்கொண்டே போங்கள். சூரியன் இருக்கும் பக்கத்துப் பனி மஞ்சளாகவும், அதற்கு எதிர்ப்பக்கம் நீலமாகவும் இருக்கும்.

காலநிலையின் தர்க்கமும் சரியாக இருக்க வேண்டும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர்வதால்தான் இந்த வகைப் பனி பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவே பனி படிந்த ஓவியத்தில் புல் காற்றில் சாயக் கூடாது, குளத்தில் அலை இருக்கக் கூடாது.

தண்ணீரில் பிரதிபலிப்பை விலங்கைத் தலைகீழாக்கி வரைந்தால் போதுமா?

போதாது. பிரதிபலிப்பு, தண்ணீருக்குக் கீழிருந்து பார்த்தது போன்ற கோணத்தைக் காட்டும். கரையில் நிற்கும் மானில் நமக்குத் தெரியாத அடிவயிறு தண்ணீரில் தெரியும். பொதுவாக வெளிச்சமானவை பிரதிபலிப்பில் சற்று மங்கும், கருத்தவை சற்று வெளுக்கும்.

வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறதே, எப்படி வரைவது?

வானத்தில் சூரியன் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது. ஒரு பெரிய ஓவியத்தை அந்த நேரத்துக்குள் முடிக்க யாராலும் முடியாது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1896, 1897 ஆண்டுகளில் சேன் ஆற்றின் காலைப் பொழுதுகளைத் தொடராக வரைந்தபோது, விடியுமுன்னே படகில் போய், பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறினார். மறுநாள் அதே வெளிச்சம் வந்ததும் அதே கேன்வாஸை மறுபடி எடுப்பார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். உள்ளங்கை அளவு அட்டையில், விவரம் எதுவும் இல்லாமல், வானம், தூரத்து மரம், தரை, விலங்கு என்று நாலைந்து நிறத் திட்டுகளை மட்டும் வைத்துவாருங்கள். 15 நிமிடம் போதும். எந்த ஃபோட்டோவிலும் கிடைக்காத தகவல் அதில் இருக்கும். வெளிச்சம் மாறிய பிறகு ஸ்கெட்சைத் திருத்தாதீர்கள், அடுத்த அட்டையை எடுங்கள்.

ஃபோட்டோவைப் பார்த்து வரைவது தப்பா?

தப்பில்லை. 1878-ல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை வரிசையாகப் படமெடுத்துக் காட்டிய பிறகுதான், நான்கு காலும் தரையைவிட்டு எழும் நேரத்தில் கால்கள் வயிற்றுக்குக் கீழே கூடியிருக்கும் என்பது தெரிந்தது. அதுவரை ஓவியர்கள் முன்னங்காலை முன்னாலும் பின்னங்காலைப் பின்னாலும் நீட்டி வரைந்துகொண்டிருந்தார்கள். அசைவுக்கும் உடற்கூறுக்கும் ஃபோட்டோ நல்ல துணை.

வெளிச்சத்துக்கு அதை நம்பாதீர்கள். கேமராவின் தானியங்கி நிறச்சமன் காலையின் மஞ்சளைப் பிழை என்று எண்ணிக் கழித்துவிடும். எதிர்வெயிலில் எடுத்தால் நிழல் முழுக் கறுப்பாகிவிடும், நம் கண்ணோ அதற்குள்ளும் நீலத்தையும் பழுப்பையும் பார்க்கும். இன்னொன்று: அடுத்தவர் எடுத்த படத்தை அனுமதியில்லாமல் அப்படியே வரைந்து விற்பது உரிமை மீறல். சொந்தப் படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அதிலிருந்தே வரையுங்கள்.

உதிக்கும் சூரியன் பிரகாசமாகத் தெரிய என்ன செய்வது?

நிஜக் காட்சியில் நிழலுக்கும் சூரியனுக்கும் பல ஆயிரம் மடங்கு வெளிச்ச வேறுபாடு. ஓவியத்தில் நம்மிடம் இருக்கும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் சில பத்து மடங்குதான். ஆகவே மற்ற எல்லாவற்றையும் இறக்க வேண்டும். வானத்தையே நடுத்தர டோனில் (வெளுப்புக்கும் கருமைக்கும் இடைப்பட்ட அளவில்) வைத்தால்தான் மானின் முதுகில் ஓடும் மெல்லிய ஒளிக்கோடு ஒளிரும்.

மோனேவின் புகழ்பெற்ற 1872 சூரிய உதய ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போகும். சுற்றியுள்ள சாம்பல் வானமும் அந்த ஆரஞ்சும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம். நிறம் மட்டுமே அங்கே சூரியனை எரிய வைக்கிறது.

எந்த வண்ணங்கள் வேண்டும்?

குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் வெள்ளை, காட்மியம் மஞ்சள், மஞ்சள் ஆக்கர், பர்ன்ட் சியன்னா, ஒரு இளஞ்சிவப்பு, அல்ட்ராமரைன், கோபால்ட் நீலம். பச்சை டியூப் வேண்டாம். நீலத்தையும் ஆக்கரையும் கலந்தால் காலைப் புல்லுக்கு ஏற்ற அடங்கிய பச்சை கிடைக்கும். இளஞ்சிவப்புக்கு அலிஸரின் கிரிம்சன் அழகுதான், ஆனால் வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும். குவினாக்ரிடோன் வகை நிலைத்து நிற்கும். டைட்டானியம் வெள்ளை அதிகமானால் சூடான நிறங்கள் குளிர்ந்து மாவு பூத்தது போலாகும், சூரியனை ஒட்டிய பகுதியில் அதைக் கட்டுப்படுத்துங்கள்.

எண்ணெய் வண்ணமா, வாட்டர்கலரா, அக்ரிலிக்கா?

மூன்றிலும் முடியும். பனிக்கும் ஈரக் காற்றுக்கும் வாட்டர்கலர் இயல்பாகவே ஒத்துவரும், ஆனால் காய்ந்ததும் வெளுக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் கறுக்கும், விளிம்பைக் கரைப்பதற்குள் உலர்ந்தும் விடும். விளிம்புகளை நிதானமாகக் கையாள எண்ணெய் வண்ணம் சௌகரியம். என் தேர்வு அதுதான்.

விலங்குகளைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

அது நிற்கும் நேரத்தையும் காரணத்தையும் சொல்லும் அளவுக்காவது. மானின் பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள், அது கணுக்கால். முழங்கால் வயிற்றுக்கு அருகே மேலே இருக்கிறது. ஆசிய யானைக்கு முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும், ஆப்பிரிக்க யானைக்கு நடுவில் குழிந்திருக்கும். மேயும் கூட்டத்தில் ஏதாவது ஒன்று தலை நிமிர்ந்து காவல் பார்க்கும், அதன் காதுகள் ஒரே பக்கம் திரும்பியிருக்கும்.

விடியலுக்கென்றே சில உண்மைகள் உண்டு. கழுகும் பிணந்தின்னிக் கழுகும் வட்டமிட்டு உயர, தரை சூடாகி வெப்பக் காற்று மேலெழ வேண்டும். பனி கலையாத காலையில் அவை உயரத்தில் வட்டமிடுவது பொருந்தாது, கிளையில் உட்கார்ந்திருக்கட்டும். பட்டாம்பூச்சியும் உடல் சூடேறாமல் பறக்காது. குளிரில் சிறு பறவைகள் இறகைப் புடைத்துக்கொண்டு உருண்டையாக இருக்கும். இதையெல்லாம் அறிந்தவர் உங்கள் ஓவியத்தின் முன் நிற்கும்போது அவருக்கு உறுத்தக் கூடாது.

காலையா மாலையா என்று எப்படிக் காட்டுவது?

சூரியன் இருக்கும் உயரத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. பனித்துளி படிந்த சிலந்தி வலை, ஈரப் புல்லில் விலங்கு நடந்து வந்த கருத்த தடம், பள்ளத்தில் தேங்கிய பனி, அசையாத நீர் ஆகியவை காலையைக் காட்டும். மாலையில் பெரும்பாலும் காற்றில் தூசி இருக்கும், ஒளி அதனால் கனத்துத் தெரியும்.

நேரில் பார்த்து வரையப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விலங்கு உங்களைப் பார்த்துவிட்டு மேய்ச்சலை நிறுத்தினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள். கூடுகளை நெருங்குவதும், தீனி போட்டு வரவழைப்பதும், சத்தமெழுப்பித் திரும்பிப் பார்க்க வைப்பதும் கூடவே கூடாது. ஒரு ஓவியத்துக்காகக் குஞ்சுகளைத் தாய் விட்டுப் போகும்படி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. பைனாகுலர், ஸ்கெட்ச் புத்தகம், பொறுமை போதும்.

யாருடைய ஓவியங்களைப் பார்த்துக் கற்கலாம்?

லில்யேஃபோர்ஸ் (1860–1939) முதலில். அவர் நரி, முயல் போன்றவற்றை வளர்த்துப் பார்த்து வரைந்தவர். ஆப்பிரிக்க விலங்குகளுக்கு ஜெர்மானியரான வில்ஹெல்ம் கூனெர்ட் (1865–1926). வட அமெரிக்க மலைகளுக்கும் காட்டுமானுக்கும் கார்ல் ருங்கியஸ் (1869–1959). இவருடைய ஓவியங்கள் அமெரிக்காவின் ஜாக்சன் ஊரிலுள்ள தேசிய காட்டுயிர்க் கலை அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன. முகலாய அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் 1621-ல் வரைந்த வரிக்குதிரையையும் பாருங்கள். நிலக்காட்சி அதில் இல்லை, ஆனால் ஒரு விலங்கை எவ்வளவு மரியாதையோடு கவனிக்கலாம் என்பது இருக்கிறது.

இப்படியொரு ஓவியத்தை வீட்டில் எங்கே மாட்டுவது?

நேர் வெயில் படாத சுவரில். அருங்காட்சியகங்களில் வாட்டர்கலருக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்குச் சுமார் 200 லக்ஸ் வெளிச்சம் என்பது வழக்கம். விளக்கின் நிறமும் முக்கியம். 2700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் பல்பின் கீழ் விடியலின் நீல நிழல்கள் செத்துப்போகும். 4000 கெல்வினை ஒட்டிய, நிறம் காட்டும் திறன் (CRI) 90-க்கு மேலுள்ள விளக்கு நல்லது. புதிய எண்ணெய் ஓவியமாக இருந்தால் 6 மாதம் முதல் 1 வருடம் வரை நன்றாகக் காயவிட்டுப் பிறகு வார்னிஷ் அடியுங்கள். முழுப் பளபளப்பு வார்னிஷ் ஜன்னலைப் பிரதிபலிக்கும், பனி படர்ந்த ஓவியத்துக்கு அரைப் பளபளப்பே பொருந்தும்.